பெயரில்லாக் காசுகளும் சின்னஞ்சிறு குறிகளும்: பைசாண்டியச் செம்புக் காசுகளை வகைப்படுத்தும் முறை

பழங்காசு ஒன்றைக் காட்டினால் மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இது எந்த ராஜா காலத்துக் காசு?" என்பதாகவே இருக்கும். காசில் அரசனின் பெயர் இருந்தால் விடை எளிது. பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை, ஊரும் இல்லை என்றால் என்ன செய்வது? உலக வரலாற்றில் இந்தச் சிக்கலுக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, பைசாண்டியப் பேரரசில் ஏறத்தாழ கி.பி. 970 முதல் 1092 வரை வெளியிடப்பட்ட செம்புக் காசுகள். இவற்றில் பேரரசரின் பெயரோ உருவமோ கிடையாது. நாணயவியலார் இவற்றைப் 'பெயரில்லா ஃபோலிஸ்' என்று அழைக்கின்றனர். இவற்றை வகைப்படுத்த அவர்கள் பயன்படுத்தியவை புள்ளி, பிறை, சாய்சதுரம் போன்ற சிறு அலங்காரக் குறிகளும், ஒரு காசின் மேல் இன்னொரு காசு அடிக்கப்பட்ட தடயங்களும்தாம்.

வகைப்படுத்துதல் என்பது அறிவியல் பாடத்தில் மட்டும் வருவதன்று. வரலாற்றுக்கும் அதுவே அடிப்படை. கண்ணால் கண்டதை எப்படிப் பதிவு செய்வது, கண்டதையும் ஊகித்ததையும் எப்படிப் பிரித்து வைப்பது என்பதை மாணவர்களுக்குக் கற்றுத்தர இந்தக் காசுகளின் கதை நன்கு உதவும்.

எல்லாவற்றையும் சொன்ன காசு

பெயரில்லாக் காசுகளின் சிக்கலைப் புரிந்துகொள்ள, அவற்றுக்கு முந்தைய பைசாண்டியக் காசுகளை முதலில் பார்க்க வேண்டும். 5-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அன்றாடப் புழக்கத்தில் இருந்தது 'நும்முஸ்' என்னும் மிகச் சிறிய செம்புக் காசு. ஒரு கிராம் எடைகூட இல்லாத அந்தக் காசில் எழுத்துகள் தெளிவாக அமைய இடமே இல்லை. பிற்கால ரோமானியரின் இத்தகைய சிறு செம்புக் காசுகள் நம் கரூரிலும் மதுரையிலும் ஆற்றுப்படுகைகளில் கிடைத்துள்ளன. நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றை ஆராய்ந்து நூலாக வெளியிட்டிருக்கிறார்.

கி.பி. 498-இல் பேரரசர் முதலாம் அனஸ்தேசியஸ் இந்த முறையைச் சீர்திருத்தினார். 40 நும்முஸ் மதிப்புள்ள பெரிய செம்புக் காசை வெளியிட்டு, அதன் பின்புறத்தில் 'எம்' போன்ற பெரிய எழுத்தைப் பொறித்தார். கிரேக்க மொழியில் எழுத்துகளே எண்களாகவும் பயன்பட்டன. 'மியூ' என்னும் அந்த எழுத்தின் மதிப்பு 40. அதேபோல் 'கப்பா' 20-ஐயும், 'அயோட்டா' 10-ஐயும், 'எப்சிலான்' 5-ஐயும் குறித்தன. கல்வெட்டுகளில் தமிழ் எண்களைப் பார்த்துப் பழகிய மாணவர்களுக்கு, எழுத்தைப் போலவே தோன்றும் எண் என்பது புதிதாக இருக்காது.

மதிப்பெழுத்தின் கீழே அக்கசாலை இருந்த நகரின் பெயர்ச் சுருக்கம் இருந்தது. தலைநகர் கான்ஸ்டாண்டிநோபிளின் காசுகளில் நகரப் பெயரின் முதல் மூன்று எழுத்துகளைக் காணலாம். அங்கிருந்த பட்டறைகளில் எந்தப் பட்டறை அந்தக் காசை அடித்தது என்பதைத் தனியே ஓர் எழுத்து காட்டியது. பேரரசர் முதலாம் ஜஸ்டினியன் தம் 12-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 538-39-இல், ஆட்சியாண்டையும் காசில் சேர்த்தார். இடப்புறம் 'ஆண்டு' என்னும் பொருள்தரும் இலத்தீன் சொல், வலப்புறம் ரோமன் எண், நடுவில் கிரேக்க மதிப்பெழுத்து. அக்காலத்து ஃபோலிஸ் 20 கிராமுக்கும் மேல் எடையுள்ளது. நம்முடைய பத்து ரூபாய் நாணயத்தின் எடை ஏறத்தாழ 7.7 கிராம் என்பதோடு ஒப்பிட்டால் அதன் பருமன் விளங்கும்.

ஆக, ஜஸ்டினியன் காலக் காசு ஒன்று கிடைத்தால் யார் வெளியிட்டது, எவ்வளவு மதிப்பு, எந்த ஊர், எந்தப் பட்டறை, எந்த ஆண்டு ஆகிய ஐந்து கேள்விகளுக்கும் காசே விடை சொல்லிவிடும். அதை வகைப்படுத்துவது படிக்கத் தெரிந்தால் முடியக்கூடிய வேலை.

காலப்போக்கில் இந்த விவரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. 9-ஆம் நூற்றாண்டில் பேரரசர் தியோஃபிலஸ் காலத்தில் மதிப்பெழுத்தின் இடத்தில் பேரரசரின் பெயரையும் பட்டத்தையும் வரிவரியாக எழுதும் முறை வந்தது. ஆண்டு இல்லை, ஊர் இல்லை; ஆனால் பேரரசரின் பெயர் இருந்தது. 970 அளவில் அதுவும் போய்விட்டது.

பெயர் மறைந்த கதை

கி.பி. 969 முதல் 976 வரை ஆண்ட முதலாம் ஜான் சிமிஸ்கஸ், பொற்காசிலும் செம்புக் காசிலும் இயேசு கிறிஸ்துவின் உருவத்தைப் பொறிக்க ஆணையிட்டார் என்று 11-ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் ஜான் ஸ்கைலிட்சஸ் எழுதுகிறார். காசின் மறுபுறத்தில் 'இயேசு கிறிஸ்து, அரசர்க்கு அரசர்' என்னும் பொருள்படும் வாசகம் எழுதப்பட்டதாகவும் அவர் குறிப்பிடுகிறார்.

அவர் சொன்ன அமைப்பிலேயே காசுகள் கிடைக்கின்றன. முன்புறத்தில் நேராக நோக்கும் கிறிஸ்துவின் மார்பளவு உருவம், தலைக்குப் பின்னே ஒளிவட்டம், ஒளிவட்டத்துக்குள் சிலுவை, கையில் நற்செய்தி நூல், சுற்றிலும் 'இம்மானுவேல்' என்னும் பெயர். பின்புறத்தில் நான்கு வரிகளில் 'அரசர்க்கு அரசர்' வாசகம். பேரரசரின் உருவம் இருந்த இடத்தில் கிறிஸ்துவின் உருவமும், பேரரசரின் பெயர் இருந்த வரிகளில் கிறிஸ்துவின் பெயரும் அமைந்தன.

இந்த ஒரு குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு இத்தகைய காசுகள் எல்லாவற்றையும் ஜான் சிமிஸ்கஸ் காலத்தவை என்று சொல்லிவிடலாமா? கூடாது. இரண்டு காரணங்கள். ஒன்று, அவர் ஆண்டது ஏழு ஆண்டுகள்தாம். காசுகளோ மிகப் பெரும் எண்ணிக்கையில், பல வடிவங்களில் கிடைக்கின்றன. மற்றொன்று, அவருக்குப் பின் 976 முதல் 1025 வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆண்ட இரண்டாம் பாசிலின் பெயரில் தலைநகர் அக்கசாலையின் செம்புக் காசுகள் இல்லை. அத்தனை ஆண்டுகளும் சந்தையில் சில்லறை இல்லாமலா இருந்திருக்கும்? பெயரில்லாக் காசுகளே அவர் காலத்திலும் தொடர்ந்தன என்று கொள்வதே பொருந்தும். இந்த இரண்டாம் பாசில் நம் முதலாம் இராசராசனுக்கும் முதலாம் இராசேந்திரனுக்கும் சமகாலத்தவர் என்பதை மாணவர்களுக்குச் சொன்னால் காலம் மனத்தில் பதியும்.

முதல் படி: பெரிய பிரிவுகள்

வகைப்படுத்தலில் முதலில் பார்க்க வேண்டியது காசின் பொது அமைப்பு. முன்புறத்தில் உருவம் எப்படி இருக்கிறது, பின்புறத்தில் என்ன இருக்கிறது என்ற இரு கேள்விகளே போதும். அமெரிக்க அறிஞர் மார்கரெட் தாம்சன், ஏதென்ஸ் அகோராவில் அகழ்ந்தெடுத்த காசுகளை 1954-இல் நூலாக வெளியிட்டபோது பெயரில்லா ஃபோலிஸ்களை ஆங்கில எழுத்துகளால் பிரிவுகளாக வகுத்தார். டம்பார்ட்டன் ஓக்ஸ் தொகுப்பின் பட்டியலை 1973-இல் வெளியிட்ட ஃபிலிப் கிரியர்சனும் அந்த எழுத்துகளையே கையாண்டார். முதன்மையான பிரிவுகள் வருமாறு:

ஏ பிரிவு: மார்பளவு உருவம், பின்புறம் நான்கு வரி வாசகம்.
பி பிரிவு: மார்பளவு உருவம், பின்புறம் மூன்று படிகளின் மேல் நிற்கும் சிலுவை, அதன் இருபுறமும் எழுத்துகள்.
சி பிரிவு: முழங்கால் அளவு தெரிய நிற்கும் உருவம், பின்புறம் மணிகள் பதித்த சிலுவை, அதன் நான்கு மூலைகளில் 'இயேசு கிறிஸ்து வெல்கிறார்' என்பதன் சுருக்கம்.
டி பிரிவு: சாய்மானமுள்ள அரியணையில் அமர்ந்த உருவம், பின்புறம் மூன்று வரி வாசகம்.
இ பிரிவு: மார்பளவு உருவம், பின்புறம் மூன்று வரி வாசகம்.
எஃப் பிரிவு: சாய்மானமில்லாத அரியணையில் அமர்ந்த உருவம், பின்புறம் மூன்று வரி வாசகம்.
ஜி பிரிவு: மார்பளவு உருவம், பின்புறம் கைகளை உயர்த்தி வேண்டும் அன்னை மரியாளின் மார்பளவு உருவம்.
எச் பிரிவு: மார்பளவு உருவம், பின்புறம் இரு குறுக்குச் சட்டமுள்ள சிலுவை.
ஐ பிரிவு: மார்பளவு உருவம், பின்புறம் ஒற்றைக் குறுக்குச் சட்டச் சிலுவை, கீழே கொடியலங்காரம், மேலே இரு பிறைகள்.
ஜே பிரிவு: மார்பளவு உருவம், பின்புறம் சிலுவை, அதன் கீழ் பெரிய பிறை.
கே பிரிவு: மார்பளவு உருவம், பின்புறம் வேண்டும் நிலையில் மரியாளின் உருவம், ஜி பிரிவைவிடக் கூடுதலாக உடல் தெரியும்படி.

இந்தப் பட்டியலில் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. டி, இ, எஃப் மூன்றுக்கும் பின்புறம் ஏறத்தாழ ஒன்றே. பின்புறத்தை மட்டும் பார்த்தால் பிரிக்க இயலாது. இ பிரிவை மார்பளவு உருவம் பிரித்துவிடும். டி, எஃப் இரண்டையும் பிரிப்பது அரியணையின் சாய்மானம் என்னும் ஒரே கூறு. ஒரு பண்பு சில குழுக்களைப் பிரிக்கும். வேறு சிலவற்றைப் பிரிக்க இன்னொரு பண்பு வேண்டும். தாவரங்களை இலையமைப்பால் பிரித்துப் பின் மலரமைப்பால் பிரிப்பதும் இதே முறைதான்.

இன்னொரு நுட்பம், பிரிவுகளுக்குப் பேரரசர்களின் பெயரைச் சூட்டாமல் வெறும் எழுத்தைச் சூட்டியது. 'மூன்றாம் ரோமனஸ் காசு' என்று பெயரிட்டுவிட்டால், நாளை வேறு சான்று கிடைத்து அது வேறொருவர் காலத்தது என்று தெரிந்தால் பெயரையே மாற்ற வேண்டும். பழைய நூல்கள் எல்லாம் குழப்பமாகிவிடும். 'பி பிரிவு' என்று சொன்னால் அது காசின் தோற்றத்தை மட்டுமே குறிக்கும். யார் காலம் என்பது அதன்மேல் வைக்கும் கருத்து. கருத்து மாறலாம், தோற்றம் மாறாது.

இரண்டாம் படி: எது முன், எது பின்

பிரித்தாயிற்று. காலவரிசையில் அடுக்குவது எப்படி? இங்கேதான் அக்கசாலைக்காரர்களின் அவசரம் ஆய்வாளர்களுக்கு உதவியது. பழைய காசுகளை உருக்கிப் புதிய தகடு செய்வதற்கு விறகும் நேரமும் கூலியும் வேண்டும். அதைத் தவிர்க்க, பழைய காசையே மீண்டும் அச்சுகளுக்கு இடையில் வைத்துச் சம்மட்டியால் அடித்தார்கள். இதை 'மேலச்சு' எனலாம். அடி சரியாக விழாத இடங்களில் பழைய காசின் எழுத்தோ, சிலுவையின் ஒரு கையோ, புள்ளிவரிசையோ அழியாமல் நிற்கும்.

பி பிரிவுக் காசின் அடியில் ஏ பிரிவின் வரிகள் தெரிந்தால், அந்தக் காசு முதலில் ஏ பிரிவாக இருந்து பிறகு பி பிரிவாக மாறியது என்பதில் ஐயமில்லை. ஆகவே பி பிந்தியது. இப்படிச் சி-யின் கீழ் பி, டி-யின் கீழ் சி என்று சங்கிலி சங்கிலியாகச் சேர்த்தால் வரிசை கிடைத்துவிடும். ஆல்ஃபிரட் பெல்லிங்கர் 1928-இல் வெளியிட்ட ஆய்வு, மேலச்சுகளை முறையாகப் பயன்படுத்திப் பெயரில்லாக் காசுகளுக்குக் காலவரிசை அமைத்தது.

வரிசை கிடைத்தால் மட்டும் ஆண்டு கிடைத்துவிடாது. அதற்கு நங்கூரம் போன்ற காசு வேண்டும். 11-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பத்தாம் கான்ஸ்டன்டைன், ஏழாம் மைக்கேல், மூன்றாம் நைஸ்ஃபோரஸ் போன்ற சில பேரரசர்கள் தம் பெயர் பொறித்த செம்புக் காசுகளையும் வெளியிட்டார்கள். பெயருள்ள காசின் மேல் பெயரில்லாக் காசு அடிக்கப்பட்டிருந்தால் அது அந்தப் பேரரசர் ஆட்சிக்கு வந்த பின்னரே தோன்றியிருக்க முடியும். இறுதி எல்லை 1092. அந்த ஆண்டில் முதலாம் அலெக்சியஸ் நாணய முறை முழுவதையும் மாற்றியமைத்தபோது ஃபோலிஸ் நின்றுபோனது. இந்த முறையில்தான் இன்றைய பட்டியல்கள் சி பிரிவை நான்காம் மைக்கேல் (1034-41) காலத்திலும், டி பிரிவை ஒன்பதாம் கான்ஸ்டன்டைன் (1042-55) காலத்திலும், ஜே, கே பிரிவுகளை முதலாம் அலெக்சியஸின் தொடக்க ஆண்டுகளிலும் வைக்கின்றன.

மூன்றாம் படி: ஏ பிரிவின் அலங்காரக் குறிகள்

எல்லாப் பிரிவுகளிலும் மிகுதியாகக் கிடைப்பது ஏ பிரிவு. அதற்குள் அளவைக் கொண்டு மூன்று உட்பிரிவுகள் செய்யப்பட்டுள்ளன. ஏ1 சிறியது, ஜான் சிமிஸ்கஸ் காலத்தது என்று கொள்ளப்படுகிறது. ஏ2 பெரியது, எடை மிகுந்தது. இரண்டாம் பாசில் காலத்தது. ஏ3 மீண்டும் சற்றுச் சிறியது. 11-ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில் ஏ2-ஐத் தொடர்ந்து வந்தது. மூன்றிலும் உருவமும் வாசகமும் ஒன்றே. டேவிட் சியர் தொகுத்த பைசாண்டியக் காசுப் பட்டியலில் ஏ2 முழுவதற்கும் 1813 என்ற ஒரே எண்தான். ஆனால் அந்த ஒரே எண்ணுக்குள் பல பத்து வகைகள் அடங்கியிருக்கின்றன. அவற்றை வேறுபடுத்துவன அலங்காரக் குறிகள்.

குறிகள் எங்கே இருக்கும்? மூன்று இடங்களில் தேட வேண்டும்.

முதலாவது, ஒளிவட்டத்துக்குள் உள்ள சிலுவையின் கைகள். நான்கு கைகளில் கீழ்க்கை தலையால் மறைந்திருப்பதால் இடம், வலம், மேல் என மூன்று கைகளே தெரியும். அவற்றுக்குள் ஒரு புள்ளி, இரு புள்ளிகள், சதுரமாக அடுக்கிய புள்ளிகள், பிறை ஆகிய குறிகளில் ஏதேனும் ஒன்று இருக்கலாம். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம்.

இரண்டாவது, கிறிஸ்துவின் கையிலுள்ள நூலின் அட்டை. நடுவில் ஒற்றைப் புள்ளி, வரிசையாகப் புள்ளிகள், புள்ளிகளால் ஆன சிலுவை என்று இதன் அலங்காரம் மாறும்.

மூன்றாவது, பின்புற வாசகத்தின் மேலும் கீழும் உள்ள இடம். இருபுறமும் சிறு கோடுகள் அமைந்த சாய்சதுரம் இங்கே அடிக்கடி காணப்படும் குறி. பிறை, புள்ளி, வளையம், சிறு சிலுவை போன்றவையும் வரும். மேலே ஒன்றும் கீழே வேறொன்றும் இருப்பதுண்டு.

இந்த மூன்று இடங்களின் குறிகளும் சேர்ந்ததே ஒரு 'வகை'. ஏதேனும் ஒன்றை மட்டும் வைத்துப் பெயரிடக் கூடாது. கணக்குப் பாடத்தோடு இணைத்துச் சொல்வதானால், ஒளிவட்டத்துக்கு 5 குறிகள், நூலுக்கு 4, பின்புறத்துக்கு 6 என்று வைத்துக்கொண்டால் 5 × 4 × 6 = 120 சேர்க்கைகள் அமையலாம். உண்மையில் கிடைப்பவை வாய்ப்புள்ள எல்லாச் சேர்க்கைகளும் அல்ல. குறிப்பிட்ட ஒளிவட்டக் குறி குறிப்பிட்ட பின்புறக் குறியோடு சேர்ந்து வருகிறது. அச்சுச் செதுக்கியவர்கள் தம் விருப்பம்போல் புள்ளி வைக்கவில்லை, ஏதோ ஓர் ஒழுங்கைப் பின்பற்றினார்கள் என்பதை இதிலிருந்து அறியலாம்.

'இல்லை' வேறு, 'தெரியவில்லை' வேறு

இந்த வேலையில் மிகுதியாக நேரும் பிழை ஒன்றுண்டு. இந்தக் காசுகள் எல்லாம் கையால் அடிக்கப்பட்டவை. அச்சு ஒருபுறம் நகர்ந்து விழுந்தால் பின்புறத்தின் மேற்குறியோ கீழ்க்குறியோ தகட்டுக்கு வெளியே போய்விடும். பல ஆண்டுகள் கைமாறிய காசில் ஒளிவட்டத்தின் புள்ளிகள் தேய்ந்துபோகும். மேலச்சுக் காசில் பழைய காசின் எச்சம் குறியைப் போலத் தோன்றி ஏமாற்றும்.

அப்படிப்பட்ட காசைப் பார்த்து, 'குறி இல்லை' என்று எழுதினால் அது தவறான வகையில் போய்ச் சேரும். குறி இருக்க வேண்டிய இடம் தெளிவாகத் தெரிந்து, அங்கே ஒன்றும் இல்லையென்றால் மட்டுமே 'இல்லை' என்று எழுதலாம். அந்த இடமே தேய்ந்தோ வெட்டுண்டோ இருந்தால் 'தெரியவில்லை' என்று எழுத வேண்டும். முன்னது ஒரு சான்று. பின்னது சான்று இல்லாமை. பதிவேட்டில் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இல்லையென்றால், பின்னால் வரும் எந்தக் கணக்கையும் நம்ப முடியாது.

குறிக்குப் பொருள் என்ன?

புள்ளியும் பிறையும் எதைக் குறித்தன? நான்கு விடைகள் சாத்தியம். அக்கசாலை இருந்த ஊரைக் குறித்திருக்கலாம். ஒரே அக்கசாலையின் வெவ்வேறு பட்டறைகளைக் குறித்திருக்கலாம். ஒன்றன்பின் ஒன்றாக வந்த வெளியீடுகளைக் குறித்திருக்கலாம். அல்லது வெறும் அழகுக்காக இருக்கலாம்.

ஒவ்வொரு விடையையும் சோதிக்க வழி உண்டு. ஊரைக் குறித்தால், ஒரு குறியுள்ள காசுகள் ஒரு வட்டாரத்தில் மிகுதியாகவும் மற்ற இடங்களில் குறைவாகவும் கிடைக்க வேண்டும். பட்டறையைக் குறித்தால், வெவ்வேறு குறியுள்ள காசுகள் ஒரே காலத்தில், ஒரே எடையில் இருக்க வேண்டும். வெளியீட்டு வரிசையைக் குறித்தால், ஒரு குறியின் மேல் இன்னொரு குறியுள்ள காசு மேலச்சாக விழுந்திருக்க வேண்டும். குறிக்குக் குறி எடையும் மாறியிருக்கலாம். வெறும் அழகுக்கென்றால் முன்பு சொன்ன ஒழுங்கான சேர்க்கைகள் தோன்றக் காரணமில்லை.

இதில் ஒரே விடையை அறிஞர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவில்லை. அதனால்தான் பட்டியல்கள் குறியை வருணிப்பதோடு நின்றுவிடுகின்றன. 'மேலே சாய்சதுரம், கீழே சாய்சதுரம்' என்று எழுதுகின்றனவே தவிர, அதற்கு ஊர்ப் பெயர் சூட்டுவதில்லை.

இதனால் என்ன பயன்?

தேய்ந்த காசின் புள்ளியை எண்ணுவதால் யாருக்கு என்ன பயன் என்று மாணவர் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கொரிந்து, ஏதென்ஸ் நகரங்களின் அகழாய்வுகளில் 8-ஆம் நூற்றாண்டுக் காசுகள் மிகக் குறைவாகவும், 10, 11-ஆம் நூற்றாண்டுக் காசுகள் மிகுதியாகவும் கிடைக்கின்றன. சில்லறைக் காசு கடைத்தெருவில் புழங்குவது. அது மிகுதியாகக் கிடைக்கும் இடத்தில் வாங்குதலும் விற்றலும் மீண்டும் செழித்தன என்று வரலாற்றாசிரியர்கள் கொள்கிறார்கள். அந்த முடிவு காசுகளின் காலத்தைச் சார்ந்தே நிற்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஓர் ஊரில் 490 ஏ பிரிவுக் காசுகள் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். அவை அனைத்தும் ஜான் சிமிஸ்கஸின் 7 ஆண்டுகளைச் சேர்ந்தவை என்றால் ஆண்டுக்கு 70 காசுகள். இரண்டாம் பாசிலின் 49 ஆண்டுகளைச் சேர்ந்தவை என்றால் ஆண்டுக்கு 10 காசுகள். காசு அதே காசுதான். முதல் கணக்கில் அந்த ஊர் திடீரென்று பெருவளம் பெற்றதாகத் தோன்றும். இரண்டாம் கணக்கில் மெல்ல மெல்ல வளர்ந்ததாகத் தோன்றும். ஓர் ஊரின் வரலாறே மாறிப்போகிறது. ஏ1, ஏ2 என்று பிரிப்பதும், குறிகளைச் சரியாகப் பதிவதும் இதற்காகத்தான்.

வகுப்பறையில் செய்து பார்க்க

இந்த முறையைக் கற்பிக்கப் பைசாண்டியக் காசு தேவையில்லை. நம் சட்டைப்பையில் இருக்கும் நாணயங்களே போதும். இந்திய நாணயங்களில் ஆண்டுக்குக் கீழே சிறு குறி இருக்கும். மும்பை அக்கசாலைக்குச் சாய்சதுரம், ஹைதராபாத்துக்கு விண்மீன், நொய்டாவுக்குப் புள்ளி. கொல்கத்தாவுக்குக் குறி கிடையாது. இதை மாணவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடக் கூடாது.

வகுப்பை ஐந்து ஐந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு இருபது ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களைக் கொடுக்கலாம். வரிசை எண், மதிப்பு, ஆண்டு, முன்புற அமைப்பு, பின்புற அமைப்பு, ஆண்டுக்குக் கீழுள்ள குறி என்று ஆறு கட்டங்களுள்ள அட்டவணையை வரையச் சொல்ல வேண்டும். குறிக்கான கட்டத்தில் குறியை வரையலாம். அல்லது 'இல்லை', 'தெரியவில்லை' என்ற இரு சொற்களில் ஒன்றை எழுதலாம். உருப்பெருக்கும் கண்ணாடி ஒன்று இருந்தால் நல்லது.

அட்டவணை நிறைந்ததும் நாணயங்களைப் பிரிக்கச் சொல்லலாம். முதலில் பொது அமைப்பால், பிறகு குறியால். ஒவ்வொரு குழுவுக்கும் 'மும்பை' என்றோ 'புதியது' என்றோ பெயர் வைக்காமல் 'அ', 'ஆ', 'இ' என்று எழுத்து மட்டும் வைக்க வேண்டும். சில பழைய நாணயங்களில் இந்த நான்கில் அடங்காத குறிகளும் இருக்கும். முன்பு ஹைதராபாத் அக்கசாலை வேறு குறிகளையும் பயன்படுத்தியது. 1980-களில் வெளிநாட்டு அக்கசாலைகளிலும் நம் நாணயங்கள் அடிக்கப்பட்டன. அவற்றை வலிந்து ஏதேனும் ஒரு குழுவில் திணிக்காமல் தனியே வைக்கப் பழக்க வேண்டும்.

பிறகு மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இந்தக் குறி எதைக் குறிக்கும் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் எண்ணம் சரியா என்று எப்படிச் சோதிப்பீர்கள்? குறி இல்லாத நாணயமும் ஏதேனும் சொல்கிறதா? மூன்றாம் கேள்வி முக்கியமானது. கொல்கத்தா நாணயத்தில் குறி இல்லாமையே அதன் அடையாளம். தேய்ந்துபோன மும்பை நாணயத்தை 'இல்லை' என்று எழுதிய குழு, அதைக் கொல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டது! இந்த இடத்தில் 'இல்லை'க்கும் 'தெரியவில்லை'க்கும் உள்ள வேறுபாடு மாணவர்களுக்குத் தாமாகவே விளங்கும்.

விவாதம் முடிந்த பிறகு நான்கு அக்கசாலைகளின் குறிகளைக் கரும்பலகையில் எழுதலாம். அதோடு ஓர் எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: நம் நாணயத்தில் புள்ளி நொய்டாவைக் குறிப்பதால், ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பைசாண்டியக் காசின் புள்ளியும் ஊரைத்தான் குறித்திருக்கும் என்று முடிவு கட்டக் கூடாது. நமக்கு நான்கு அக்கசாலைகளின் அரசு விதி எழுத்தில் இருக்கிறது. அவர்களுடைய விதி எழுத்தில் நமக்குக் கிடைக்கவில்லை.

வயலிலோ ஆற்று மணலிலோ உண்மையான பழங்காசு கிடைத்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் இதே பாடத்தில் சொல்லிவிடலாம். புளி போட்டோ மண்ணால் தேய்த்தோ துலக்கக் கூடாது. மேற்பரப்பில் உள்ள குறிகள் அழிந்துவிடும். எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், வேறு எந்தப் பொருள்களோடு கிடைத்தது என்று உடனே எழுதிவைக்க வேண்டும். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி மண்ணில் கிடைக்கும் புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் வழியாகவோ வட்டாட்சியர் வழியாகவோ அதைச் செய்ய ஆசிரியர் வழிகாட்டலாம். கிடைத்த இடம் தெரியாத காசு விலைபோகலாம். வரலாற்றுக்கு அது பாதிக் காசுதான்.

இந்தச் செயல்பாட்டை முடித்ததும் மாணவர்களின் அட்டவணைகளைத் தூக்கிப்போட வேண்டாம். அடுத்த ஆண்டு வரும் மாணவர்கள் தங்கள் நாணயங்களை அதோடு சேர்க்கட்டும். மூன்று நான்கு ஆண்டுகளில் நம் ஊரில் எந்த அக்கசாலையின் நாணயம் எந்த அளவுக்குப் புழங்குகிறது என்ற பதிவு பள்ளியின் கையில் இருக்கும். அதை மாணவர்களே உருவாக்கியிருப்பார்கள்.